மாணவர்களே நடத்தும் விளம்பர ஏஜென்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைக்குப் பக்கத்தில், பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் ஒரு கல்லூரியில் மாணவர்கள் நடத்தும் விளம்பர ஏஜென்சிக்கு ஆறு வருடமாக நான் பொறுப்பாசிரியர். ஒவ்வொரு ஜூனிலும் சேர வரும் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், வேலை கொடுக்க வரும் கடைக்காரர்கள் என்று மூன்று பக்கத்திலிருந்தும் அதே கேள்விகள் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் கீழே வைத்திருக்கிறேன்.

"இது நெசமான கம்பெனிங்களா, இல்ல காலேஜ் ப்ராஜெக்ட்டுங்களா?"

தனியாகப் பதிவு செய்த கம்பெனி இல்லை. கல்லூரியின் கீழ் இயங்குகிறது. ரசீது கல்லூரி பெயரில் போகும், பணம் கல்லூரிக் கணக்குக்கு வரும். ஆனால் வேலை நிஜ வேலை. வகுப்பு ப்ராஜெக்ட் சுமாராக இருந்தால் ஐந்து மார்க் குறையும். இங்கே சுமாராகச் செய்தால் ஒரு கடைக்காரர் தீபாவளிக்கென்று ஒதுக்கிய காசு வீணாகும். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டு வருகிறவர்கள்தான் எங்களுக்கு வேண்டும்.

இது நாங்கள் கண்டுபிடித்ததும் அல்ல. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பல வருடமாக இருக்கும் முறை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆட்லேப், ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஹால் அட்வர்டைசிங் இரண்டும் மாணவர்கள் வெளி ஆட்களுக்கு வேலை செய்து கொடுக்கும் ஏஜென்சிகள்தான். நம் ஊரில் சுற்றிலும் பம்பு, கிரைண்டர், பனியன், மஞ்சள், தேங்காய் என்று இத்தனை தொழில் இருக்கும்போது இதற்கு இதைவிட நல்ல இடம் எது என்றுதான் நான் நினைக்கிறேன்.

"நான் பி.காம். சி.ஏ. படிக்கிறேன். விஸ்காம் இல்லைன்னா சேர்த்துக்குவீங்களா?"

சேர்த்துக்கொள்வோம். விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், படித்திருக்க வேண்டியதில்லை. எந்தத் துறையாக இருந்தாலும் சரி. இதுவரை வந்தவர்களில் கடைக்காரரிடம் கணக்கு கேட்டு, எந்தப் பொருளில் லாபம், எது தேங்கி நிற்கிறது என்று பிரித்துச் சொன்னது ஒரு வணிகவியல் மாணவிதான்.

"எனக்கு வரையவும் வராது, போட்டோவும் எடுக்க வராது. எனக்கு என்ன வேலை இருக்கும்?"

ஏஜென்சி என்றாலே டிசைன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். டிசைன் ஒரு பகுதிதான். கிளையன்ட்டோடு பேசி, அவர் சொன்னதைச் சிதையாமல் டீமுக்குக் கொண்டுவருகிறவர் ஒருவர் வேண்டும். சந்தைக்குப் போய் விசாரித்து, யாரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று யோசிக்க ஒருவர். வாசகம் எழுத ஒருவர். எங்கே விளம்பரம் போடுவது, எவ்வளவு செலவு என்று கணக்குப் பார்க்க ஒருவர். பிரஸ்ஸுக்கு ஓடி, புரூஃப் பார்த்து, அச்சாகி வரும்வரை நின்று வாங்கிவர ஒருவர்.

கடைசியாகச் சொன்ன வேலையை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. ஆனால் அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நம் பக்கத்துப் பிரஸ்களில் பலவும் இன்னும் கோரல் டிராவிலும் பழைய தமிழ் எழுத்துருக்களிலும் வேலை செய்கின்றன. நாம் யூனிகோடில் அடித்துக் கொடுத்த வாசகம் அங்கே திறக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எழுத்தைக் கர்வ்ஸாக, அதாவது எழுத்துருவே தேவைப்படாத கோட்டு வடிவமாக, மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பதை ஒரு முறை பிரஸ்ஸில் நின்றவர் மறக்க மாட்டார்.

"வாரத்துக்கு எத்தனை மணி நேரமுங்க? பையன் படிப்பு கெட்டுப்போயிருமுங்களா?"

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது. சாதாரண வாரத்தில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம். ஆடித் தள்ளுபடிக்கு முன்னாலும் தீபாவளிக்கு முந்தைய ஐந்து வாரங்களிலும் இது கூடும், மறைக்க விரும்பவில்லை. செமஸ்டர் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு புது வேலை எடுப்பதில்லை. அரியர் இருக்கிற மாணவரை டீம் லீடர் ஆக்குவதுமில்லை. பையன் எந்த வேலையில் இருக்கிறான் என்று எப்போது வேண்டுமானாலும் எனக்கு போன் செய்து கேட்கலாம்.

"எங்களது சின்னக் கடைங்க. எங்களுக்கெல்லாம் செய்வீங்களா?"

சின்னக் கடைகள்தான் எங்களுக்கு முக்கியம். பெரிய நிறுவனத்துக்குச் சென்னையிலும் கோவையிலும் ஏஜென்சிகள் இருக்கின்றன. கோபியில் ஒரு பேக்கரிக்கும், ஊத்துக்குளியில் வெண்ணெய் விற்கும் குடும்பத்துக்கும் அப்படி யார் இருக்கிறார்கள்?

ஒரே நிபந்தனை, முடிவெடுக்கிற ஆள் எங்களோடு உட்கார வேண்டும். மருமகனை அனுப்பிவிட்டு, வேலை முடிந்தபின் மாமனார் வந்து "இதென்ன கலரு" என்றால் பிள்ளைகளின் ஒரு மாத உழைப்பு போய்விடும்.

"எவ்வளவு ஆகும்? பசங்கதானே, சும்மா செஞ்சு குடுக்கலாமே?"

சும்மா செய்வதில்லை. வெளி ஏஜென்சியைவிடக் குறைவாக வாங்குகிறோம், ஆனால் வாங்குகிறோம். இலவசமாகச் செய்த இரண்டு வேலைகள் முதல் வருடம் எனக்கு நன்றாகப் பாடம் கற்றுக்கொடுத்தன. இரண்டிலும் கிளையன்ட் கூட்டத்துக்கு வரவில்லை, வந்த டிசைனைப் பயன்படுத்தவும் இல்லை. காசு கொடுத்தவர் கேள்வி கேட்கிறார், திருத்தம் சொல்கிறார், பிள்ளைகளுக்கும் அதில்தான் வேலை பிடிபடுகிறது.

பாதி முன்பணம், பாதி கடைசியில். அச்சுச் செலவு தனி. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், கூகுள் விளம்பரத்துக்கான பணத்தை நாங்கள் கையில் வாங்குவதே இல்லை. கிளையன்ட்டின் சொந்தக் கணக்கில், அவருடைய கார்டிலேயே போகும். கணக்கு அவர் பெயரில் இருந்தால்தான் நாளை நாங்கள் இல்லாவிட்டாலும் அவர் கையில் இருக்கும்.

"பிரீஃப், பிரீஃப்ங்கறீங்களே, அதென்னங்க? லோகோ போட்டுக் குடுத்தா முடிஞ்சுது!"

பிரீஃப் என்பது ஒரு பக்கத் தாள். யாருக்கு விற்கிறோம், அவர்கள் இப்போது என்ன நினைக்கிறார்கள், என்ன நினைக்க வேண்டும், அதை நம்ப என்ன காரணம், எவ்வளவு பணம், எந்தத் தேதி என்பதை அதில் எழுதி, கிளையன்ட்டிடம் கையெழுத்து வாங்குகிறோம். அந்த ஒரு பக்கத்தை எழுதுவதற்கு இரண்டு மூன்று வாரம் அலைய வேண்டியிருக்கும்.

ஓர் உதாரணம். காங்கேயம் பக்கம் செக்கு எண்ணெய் ஆட்டும் ஒருவர் வந்தார். "பாரம்பரியம், தூய்மைன்னு போட்டு ஒரு போஸ்டர் வேணும்" என்றார். செக்கு எண்ணெய் விற்கிற எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். டீமை அவருடைய கடையில் இரண்டு சனிக்கிழமை உட்காரச் சொன்னேன். வருகிறவர்கள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் கல்லாவில் வந்து கேட்டது ஒரே கேள்விதான்: "எப்ப ஆட்டுனதுங்க?" அவரும் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தேதி பாட்டிலில் இருந்தது, ஆனால் லேபிளின் அடியில், எறும்பு மாதிரி.

பிள்ளைகள் அந்தத் தேதியை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து பெரிதாகப் போட்டார்கள். வாசகம், "எப்ப ஆட்டுனதுன்னு கேளுங்க." லோகோவைத் தொடவே இல்லை. அவருக்கு முதலில் தயக்கம். பழைய தேதிப் பாட்டில் தேங்கிவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்றார். அது நியாயமான பயம். அதனால் ஆட்டுகிற அளவைக் குறைத்து, வாரத்துக்கு இரண்டு முறை ஆட்ட ஆரம்பித்தார். விளம்பரம் ஒரு தொழிலின் நடப்பையே மாற்றியதை அந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். கடையில் போய் உட்காராமல் பிரீஃப் எழுத நான் இன்றும் விடுவதில்லை.

"விளம்பரத்துல நம்ம கோயமுத்தூர்த் தமிழைப் போடலாமுங்களா? சிரிப்பாங்களே?"

மேலே சொன்ன எண்ணெய் வாசகமே நம் பேச்சுதான். யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வருவது எப்போது என்றால், சினிமாவில் காட்டுவதைப் பார்த்து எழுதும்போது. வரிக்கு வரி "ஏனுங்", "அம்மணி", "ஒறம்பறை" என்று தூவினால் நம் ஊர்க்காரருக்கே அது வேஷம் போலத் தெரியும்.

கொங்குப் பேச்சின் உயிர் சொற்களைவிட அதன் மரியாதையில்தான் இருக்கிறது. சின்னப் பையனைக்கூட "வாங்க கண்ணு" என்று கூப்பிடுகிற பழக்கம் அது. "உடனே வாங்கு! தவறவிடாதே!" என்று எழுதி வந்த ஒரு மாணவனை, அதை அவன் அப்பத்தாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னேன். மறுநாள் அவனே மாற்றி எழுதி வந்தான்.

எங்கே பேசப்போகிறோம் என்பதும் முக்கியம். ஈரோட்டு ஆட்களுக்கு ஆட்டோ ஒலிபெருக்கியில் போகிற விளம்பரம் என்றால் தாராளமாக நம் பேச்சு. தமிழ்நாடு முழுக்கப் போகும் திருப்பூர் பனியன் என்றால் எளிய பொதுத் தமிழ். திருப்பூரில் ஒரு மெஸ்ஸுக்கு நோட்டீஸ் போட்டபோது தமிழோடு இந்தியும் ஒடியாவும் சேர்த்தோம், ஏனென்றால் அந்தத் தெருவில் சாப்பிட வருகிறவர்கள் அந்த மொழிக்காரர்கள்தான். மொழிபெயர்த்துத் தந்தது அங்கே தைக்கிற ஒரு ஒடியா இளைஞர். அவருக்கும் கூலி கொடுத்தோம்.

"இன்ஸ்டாகிராம் போதாதுங்களா? நோட்டீஸ், பேனரெல்லாம் இப்ப எதுக்கு?"

வாங்குகிறவர் எங்கே இருக்கிறாரோ அங்கே. இருபது வயதுப் பெண்களுக்குச் சுடிதார் விற்றால் இன்ஸ்டாகிராம் சரி. போர்வெல் மோட்டார் விற்றால் மினி பஸ்ஸின் முதுகும், உரக்கடைச் சுவரும், வாட்ஸ்அப் குழுவும் அதைவிட வேலை செய்யும். ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கு வெளியூரிலிருந்து வருகிற வியாபாரிக்குக் கையில் வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிற விலைப்பட்டியல் கார்டுதான் விளம்பரம்.

பேனரை மட்டும் நாங்கள் எடுப்பதில்லை. அனுமதி வாங்கி வைக்கலாம் என்பது சட்டம். அனுமதியில்லாமல் வைப்பதுதான் நடைமுறை. 2017-ல் அவிநாசி சாலையில் அலங்கார வளைவு வைத்திருந்த இடத்தில் நடந்த விபத்தில் ஓர் இளம் பொறியாளர் இறந்தார். எங்கள் பிள்ளைகள் வண்டியில் போகும் சாலை அது. சுவர் எழுதுவதென்றால் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஊராட்சியிலோ மாநகராட்சியிலோ கேட்டுவிட்டுத்தான் பெயிண்ட் டப்பாவைத் திறப்போம்.

"சினிமாப் பாட்டு போட்டு ரீல்ஸ் விட்டா என்ன தப்பு? எல்லாரும் போடறாங்களே?"

தனி ஆள் தன் சந்தோஷத்துக்குப் போடுவது வேறு, கடை தன் வியாபாரத்துக்குப் போடுவது வேறு. வியாபாரத்துக்கென்றால் பாட்டின் உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். இன்ஸ்டாகிராமே வணிகக் கணக்குகளுக்குப் பல பாடல்களைத் தராமல் இருப்பது இதனால்தான். உரிமை பெற்ற இசைத் தொகுப்பிலிருந்து எடுக்கிறோம், அல்லது கல்லூரியில் பறை, நாதஸ்வரம், கீபோர்டு வாசிக்கிற பிள்ளைகளைக் கொண்டு புதிதாகப் போடுகிறோம். பவானி ஆற்றங்கரையில் பதிவு செய்த தறிச் சத்தத்தையே இசையாக்கிய ஒரு ரீல் இன்னும் என் போனில் இருக்கிறது.

"'நம்பர் ஒன்', 'சுகர் குணமாகும்'னு கிளையன்ட் போடச் சொன்னா நாம போட வேண்டியதுதானே?"

போட மாட்டோம். "நம்பர் ஒன்" என்றால் எதில், யார் அளந்தது என்று கையில் ஆதாரம் வேண்டும். விளம்பரத் துறை தனக்குத்தானே 1985-ல் அமைத்துக்கொண்ட இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு, அதாவது ஆஸ்கி, இதைத்தான் கேட்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். 2022-ல் வந்த வழிகாட்டு நெறிகள் விளம்பர ஏஜென்சிகளுக்கும் பொருந்தும். "கிளையன்ட் சொன்னார், செய்தோம்" என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

சர்க்கரை நோய் குணமாகும் என்பது இன்னும் பெரிய தப்பு. 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தில், குணமாக்குவதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அதை நம்பி ஒரு பெரியவர் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? இந்தக் காரணத்துக்காக மூன்று வேலைகளை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். மூன்றையும் போய்ச் சொன்னது மாணவர்கள்தான், நான் கூட உட்கார்ந்திருந்தேன்.

"பவானி ஜமக்காளம்னு எல்லாருந்தான் விக்கறாங்க. நாங்க மட்டும் போடக்கூடாதுங்களா?"

உங்கள் சரக்கு என்ன என்பதைப் பொறுத்தது. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பகுதியில், அந்த முறையில் நெய்ததற்கு மட்டும்தான் அந்தப் பெயர். அதோடு, 1985-ம் ஆண்டின் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஜமக்காளம் கைத்தறிக்கு என்று ஒதுக்கப்பட்ட ரகம். விசைத்தறியில் ஓட்டியதற்கு அந்தப் பெயரைப் போட்டுத் தரச் சொன்னால், முந்தைய கேள்விக்குச் சொன்ன பதில்தான் இதற்கும்.

ஈரோடு மஞ்சள், கோவை கோரா காட்டன், கோயம்புத்தூர் வெட் கிரைண்டர், நெகமம் சேலை, சேலம் ஜவ்வரிசி இவற்றுக்கும் குறியீடு உண்டு. உண்மையாகவே அதைச் செய்கிறவர் வந்தால் எங்களுக்குப் பெரிய சந்தோஷம். அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ளச் சொல்லி, அந்தக் குறியீட்டையே விளம்பரத்தின் நடுவில் வைப்போம். நெசவு செய்கிறவரின் கையைப் படமெடுக்கச் சொல்வேன். பொருளைப் பற்றிச் சொல்ல உண்மையிலேயே ஒன்று இருப்பவர்கள் அவர்கள்.

"புது பிராண்டுக்குப் பேரு வெச்சுத் தருவீங்களா?"

தருவோம். வர்த்தக முத்திரைப் பதிவகத்தின் இணையத் தேடலில் பார்த்துவிட்டுத்தான் பெயரையே காட்டுவோம். உடுத்தும் ஆடை என்றால் 25-ம் வகுப்பு. தனி நபரோ சிறு தொழிலோ ஆன்லைனில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவானால் பத்து வருடம், பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பத்தை வக்கீல் பார்த்துக்கொள்வார். அது எங்கள் வேலை இல்லை.

"நான் வரைஞ்ச லோகோ யாருக்குச் சொந்தம் சார்? என் போர்ட்ஃபோலியோவுல போடலாமா?"

பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படமும் வீடியோவும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே சொந்தம். லோகோ, வாசகம் போன்றவற்றில் வாதத்துக்கு இடம் உண்டு. அதனால் உரிமையை எழுத்தில் மாற்றிக் கொடுக்கிறோம். எத்தனை வருடம் என்று எழுதாமல் விட்டால் சட்டம் ஐந்து வருடம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். எனவே காலத்தையும் எழுதிவிடுவோம். முழுப் பணமும் வந்த பிறகுதான் மாற்றம்.

செய்தவர் தன் போர்ட்ஃபோலியோவில், அதாவது வேலை தேடும்போது காட்டும் தொகுப்பில், போடலாம் என்ற வரியும் அதே தாளில் இருக்கும். நிராகரிக்கப்பட்ட டிசைன்களையும் போடச் சொல்வேன். வேலைக்கு எடுக்கிறவர்கள், எப்படி யோசித்தாய் என்பதைத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

"ஏ.ஐ.-ல ஒரு நிமிஷத்துல போஸ்டர் வருது. அப்புறம் நீங்க எதுக்குங்க?"

முதல் கட்ட யோசனைக்கு நாங்களும் பயன்படுத்துகிறோம், கிளையன்ட்டிடம் சொல்லிவிட்டு. ஆனால் படத்துக்குள் தமிழ் எழுத்து உடைந்து வருவதையும், காங்கேயம் காளை என்று கேட்டால் வேறேதோ மாடு வருவதையும் பார்த்திருக்கிறோம். செக்கு எண்ணெய்க் கடையில் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்ததை எந்தக் கருவியும் செய்து தராது.

"தப்பு நடந்தா யாரு பொறுப்பு?"

நாங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மூன்று வருடம் முன்பு ஒரு பேக்கரித் திறப்பு விழாவுக்கு 2,000 நோட்டீஸ் அடித்தோம். செய்தித்தாளோடு வைத்து விநியோகித்தும் ஆயிற்று. போன் நம்பரில் ஒரு இலக்கம் மாறியிருந்தது. கேக் ஆர்டர் கேட்டு அழைப்பெல்லாம் முன்பின் தெரியாத ஒரு விவசாயியின் வீட்டுக்குப் போனது. புரூஃப் பார்த்தது நான்கு பேர், நானும் சேர்த்து. நான்கு பேரும் எழுத்தைப் படித்தோம், எண்ணைப் படிக்கவில்லை.

கடைக்காரருக்குத் தெரியுமுன் நாங்களே போய்ச் சொன்னோம். டீம் லீடர் பெண் பேச ஆரம்பித்து அழுதுவிட்டாள். அவர் திட்டவில்லை, "இப்ப என்னங் கண்ணு பண்ணலாம்?" என்று கேட்டார். ஏஜென்சி நிதியிலிருந்து மறுபடி அச்சடித்து, பிள்ளைகளே வீடு வீடாகக் கொடுத்தார்கள். அந்த விவசாயி வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டார்கள். அவர் வந்த அழைப்புகளைத் தாளில் குறித்து வைத்திருந்தார். அன்றிலிருந்து எங்கள் புரூஃபில் உள்ள நம்பருக்கு ஒருவர் போன் போட்டுப் பேசிய பிறகுதான் அச்சுக்குப் போகும்.

"கிளையன்ட் மீதிப் பணம் தரலைன்னா?"

இரண்டு முறை நடந்திருக்கிறது. ஒரு முறை கேட்டுக் கேட்டு ஏழு மாதத்தில் வந்தது, ஒரு முறை வரவே இல்லை. அச்சுக்குப் போகும் மூலக் கோப்பை முழுப் பணம் வந்தபின் கொடுப்பது என்று அதற்குப் பிறகுதான் வைத்தோம். பணம் கேட்கப் போகும்போது மாணவரோடு நானும் போவேன். அந்த வெட்கத்தைப் பிள்ளைகள் தலையில் மட்டும் வைப்பது சரியில்லை.

"ஒரே தெருவுல ரெண்டு ஜவுளிக்கடை. ரெண்டு பேருக்கும் செய்வீங்களா?"

ஒரே சீசனில் செய்ய மாட்டோம். முதலில் வந்தவருக்கு. இரண்டாமவரிடம் காரணத்தைச் சொல்லி, அடுத்த சீசனுக்கு வரச் சொல்வோம். ஒரு கடையின் கொள்முதல் விலை தெரிந்த மாணவர், ஒரு வருடத்துக்கு அதே தொழிலில் இன்னொரு கடையின் வேலையில் இருக்கக்கூடாது. சொந்தக்காரர் கடை என்றால் வேறு டீம் பார்க்கும். மாமாவிடம் "இது நல்லா இல்லைங் மாமா" என்று சொல்ல எந்தப் பையனுக்கும் வாய் வராது.

"மூணாம் வருசம் முடிச்சு எல்லாரும் போயிட்டா, எங்க வேலைய யாரு பாப்பாங்க?"

பிப்ரவரியிலேயே இரண்டாம் வருட மாணவர் ஒருவர் ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் கூடவே வர ஆரம்பிப்பார். கையெழுத்திட்ட பிரீஃப், கோப்புகள், பிரஸ்ஸின் அளவுகள், எந்த நிறம் வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னார் என்பதுவரை ஒரு நோட்டில் எழுதி மாற்றிக் கொடுக்க வேண்டும். கடவுச்சொற்கள் கிளையன்ட்டிடமே இருப்பதால், சீனியர்களின் பெயரைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுப் புதியவரைச் சேர்த்தால் போதும்.

ஏப்ரலில், தேர்வுக்கு முன் ஒரு சனிக்கிழமை, பழையவரும் புதியவரும் சேர்ந்து கடைக்குப் போவார்கள். போனில் அறிமுகம் செய்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. புதியவர் கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும்.